கொல்லிமலையும் பிழையாப் படையும்: கொற்றுறை வரலாற்றில் ஓர் ஆய்வு

1. நுதலிய பொருள்

எய்வான் குறித்தது குறித்தவாறே முடியுமாறு ஒரு படைக்கலம் எக்காலும் செயற்படுதலைப் பிழையாமை எனலாம். இக்காலத்தார் துப்பாக்கியொன்றை வழங்குவானது கைக்கும், அது வழங்கும் நிலத்துக்கும் ஏற்பத் திருத்துவதும், அதன் உறுப்புகளை ஒன்றோடொன்று இசையச் செய்வதும் இப்பிழையாமை கருதியேயாம். இத்தகைய திருத்தம் இயந்திரக் காலத்துக்கே உரியதென்பது பொதுவான எண்ணம். தமிழகத்தில் அதன் வரலாறு மிகத் தொன்மையானது என்பதையும், அவ்வரலாற்றைக் கொல்லிமலை என்னும் ஒரு மலையை நடுவாக வைத்து ஆராய இயலும் என்பதையும் இக்கட்டுரையிற் காட்ட முற்படுகின்றோம்.

சேலம் மாவட்டத்தினின்றும் 1997-இல் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது கொல்லிமலை. அதன் மேட்டுநிலம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் அமைந்தது. இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்குவதேயன்றிக் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து குடியேறினர் என்பது இவர்தம் மரபுரை. எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதியில் இம்மரபுரை இடம்பெற்றுள்ளது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் நிலத்தைப் பன்றியினின்றும் காக்கவேண்டிய தேவை, சங்கக் குறிஞ்சி மாக்களுக்கு இருந்தவாறே இவர்களுக்கும் இருந்துவந்தது.

படைக்கலத்தை ஏந்துவான் ஒருவன். அதனைச் செப்பஞ் செய்வான் வேறொருவன். ஏந்தியவனைப் பாடலும் நடுகல்லும் போற்றின. செப்பஞ் செய்தவனைப் பற்றிய சான்றுகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தொகுத்து நோக்குங்கால், பிழையாமை என்பது படைக்கலத்தினிடத்து மட்டும் உள்ள பண்பன்று, படைக்கலத்துக்கும் கொல்லன் உலைக்கும் இடையேயுள்ள தொலைவைப் பொறுத்தது என்னும் முடிவு பெறப்படுகின்றது. அம்முடிவுக்குரிய காரணங்களை முறையே ஆராய்வாம்.

2. ஓரியின் அம்பு

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி கொல்லிமலைக்குத் தலைவன். புறநானூற்றில் 152, 153 ஆகிய பாடல்களில் வன்பரணரும், 204ஆம் பாடலில் கழைதின் யானையாரும் அவனைப் பாடியுள்ளனர். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தி கல்லாடனார் பாடிய அகநானூறு 209-இல் உள்ளது. இவற்றுள் நம் ஆய்வுக்கு வேண்டுவது புறநானூறு 152ஆம் பாட்டு. யானையை வீழ்த்திய அம்பொன்று புலியையும் கொன்று, மானை உருட்டி, பன்றியை விழச்செய்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியது என்பது அப்பாட்டின் செய்தி.

ஓரம்பு ஐந்து உயிர்களை ஊடுருவுதல் இயலாதென்றும், ஆதலின் இது வெறும் உயர்வு நவிற்சியேயென்றும் கூறுவர் ஒரு சாரார். வில்லாண்மையின் மெய்ந்நிகழ்ச்சியே இதுவென்பர் மற்றொரு சாரார். இருசாராரும் அம்பு எத்துணைத் தொலைவு சென்றது என்பதையே வினவுகின்றனர். பாட்டின் அமைப்போ வேறொன்றை வினவத் தூண்டுகின்றது. புலவர் காட்டில் ஒரு வேட்டுவனைக் காண்கின்றார். அவன் இன்னான் என்பதை அறியார். ஊன் விற்று வாழ்வான் போலத் தோன்றவில்லை என்றும், ஓரியோ பிறனோ என்றும் ஐயுறுகின்றார். அவன் செலுத்திய அம்பின் செயலே அவ்வையத்துக்கு முதற் காரணம். எய்ததைக் கொண்டு எய்தவனை உய்த்துணர்தல் இப்பாட்டின் உயிர்நிலை. ஒருவனது வில் எந்நாளும் ஒருபடித்தாகச் செயற்பட்டு, அச்செயலே அவன் அடையாளமாக நாடெங்கும் அறியப்பட்டிருந்தாலன்றி இவ்வாறு உய்த்துணர்தல் இயலாது. ஆகவே, பாட்டில் வரும் எண்ணிக்கை மிகையாயினும் ஆகுக. பிழையாத வில் என்னும் கருத்து அக்காலத்தே வேரூன்றியிருந்தமைக்கு இப்பாட்டு ஐயமற்ற சான்றாகும்.

வில் தானே பிழையாமை எய்தாது. அதற்கென மேற்கொண்ட பணிகள் சொற்களிலே தங்கியுள்ளன. வரிவில், வரிசிலை என்னும் தொடர்களுக்குக் கட்டமைந்த வில் என உரையாசிரியர் பொருள் கூறுவர். வரிதலாவது இறுகக் கட்டுதல். மூங்கிலோ மரமோ வளைவில் பிளவுறாதவாறு வரிந்து கட்டும் பணியை இவ்வடை உணர்த்துகின்றது. சிலை என்னும் சொல் ஒருவகை மரத்தின் பெயராகவும் வில்லின் பெயராகவும் வழங்குதல், மரத்தைத் தேர்தலே வில்லமைப்பின் முதற்பணி என்பதைக் காட்டும். கோதை என்பது நாணின் அடியினின்றும் கையைக் காக்கும் தோலுறைக்கும் பெயர். அது வில்லைச் சார்ந்ததன்று, எய்வானது கையளவைச் சார்ந்தது. மரம் தேர்தலும், வரிதலும், கைக்கு இசைய அமைத்தலும் ஆகிய மூன்றும் ஒருங்கு சேரின் அதுவே இக்காலத்தார் கூறும் திருத்தியமைத்தலின் முழு இலக்கணமாம்.

வில்லுக்கும் யாழுக்கும் உள்ள உறவையும் ஈண்டுக் கருதுதல் தகும். குமிழங் கொம்பிலே மரல்நாரைக் கட்டி ஆயன் இசைத்த வில்யாழைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் சீவகன் யாழ்மரத்தின் குற்றங்களை எடுத்துரைக்கின்றான்: நீரில் நின்றது, அழுகியது, வெந்தது, இடியுண்டது என்றாற்போல மரத்தின் நோய்கள் வகுக்கப்படுகின்றன. நரம்பையும் கோட்டையும் இசைவித்தலும் நாணையும் வில்லையும் இசைவித்தலும் ஒரே கைத்தேர்ச்சியின் இரு கிளைகள். ஒன்றில் பிழை நேரின் செவி வருந்தும். மற்றொன்றில் நேரின் உயிர் நீங்கும்.

3. ஔவையார் காட்டும் கொற்றுறை

படைக்கலத்தின் செப்பம் பற்றிய மிகச் சிறந்த சான்றைத் தருவது புறநானூறு 95ஆம் பாட்டு. அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அவன் படைகள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையில் இருந்தன. அதியமானுடைய படைகளோ பகைவரைக் குத்திக் கங்கும் நுனியும் சிதைந்து கொல்லனது சிறிய கொட்டிலில் எப்பொழுதும் கிடப்பன என்று ஔவையார் கூறினார். இகழ்வதுபோலப் புகழும் இப்பாட்டின் நயம் பலராலும் விளக்கப்பட்டுள்ளது.

வரலாற்று நோக்கில் இதனினும் சிறந்த செய்தியொன்று இதன்கண் உண்டு. வழங்கும் படைக்கலத்தின் இயல்பான இருப்பிடம் கொல்லன் கொட்டிலே என்பது அது. போரிலோ வேட்டையிலோ பயன்படும் எக்கருவியும் ஒவ்வொரு முறையும் தேயும், வளையும், முறியும். அதனை மீட்கும் இடம் அண்மையில் இருத்தல் வேண்டும். வேல் வடித்துக் கொடுத்தலைக் கொல்லன் கடனாக வகுத்த பொன்முடியாரின் புறப்பாட்டும் (312) இதனை வலியுறுத்தும். கடன் என்பது ஒருநாட் செய்து முடிக்கும் வேலையன்று. வாழ்நாள் முழுதும் தொடர்வது. அதியமானது தகடூர் இன்றைய தருமபுரி. கொல்லிக்கு வடக்கே, மிகத் தொலைவின்றி அமைந்தது. செங்கம் பகுதியிற் கிடைத்துத் தமிழ்நாடு தொல்லியல் துறையினரால் 1972-இல் நூலாக வெளியிடப்பட்ட நடுகற்களில் வில்லேந்திய வீரர் உருவங்கள் பல உள. இவையனைத்தும் கொல்லனும் வில்லவனும் அருகருகே வாழ்ந்த ஒரு நிலப்பரப்பைச் சேர்ந்தவை.

அந்நிலப்பரப்பு இரும்பு மிக்கது. சேலம் வட்டாரத்து இரும்புக் கனிமப் படுகைகளுள் கஞ்சமலை, தீர்த்தமலை ஆகியவற்றோடு கொல்லிமலையும் எண்ணப்படும். 19ஆம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் பரங்கிப்பேட்டையில் அமைத்த இரும்பாலை சேலத்துக் கனிமத்தையே நம்பியது. ஆதலின் இம்மலைமக்களுக்குப் படைக்கலமும் உலையும் நெடுங்காலம் தொலைவில் இருந்தனவல்ல எனத் துணியலாம்.

4. துப்பாக்கியின் வருகையும் உறுப்புப் பெயர்களும்

16ஆம் நூற்றாண்டு தொடங்கிப் போர்ச்சுகீசியர் வாயிலாகவும் விசயநகரப் படைகளின் வாயிலாகவும் வெடிமருந்துக் கருவிகள் தமிழகத்திற் பரவின. துப்பாக்கி என்பது துருக்கிய மொழியினின்று பல மொழிகளைக் கடந்து வந்த சொல். பீரங்கி என்பது பரங்கியர் பெயரோடு தொடர்புடையது. தோட்டா இந்துத்தானி வாயிலாக வந்தது. ஆயினும் துப்பாக்கியின் உறுப்புகளையும் அதனைச் சார்ந்த செயல்களையும் குறிக்கும் சொற்களை நோக்குக: குழல், குதிரை, பற்றுவாய், திரி, மருந்து, கெட்டித்தல், குறி. இவையெல்லாம் நம் மொழியிற் பண்டே வழங்கியவை, புதுப்பொருள் ஏற்றவை. மருந்தைத் தட்டி எழுப்பும் உறுப்பு குதிரை எனப்பட்டது. தீப்பற்றும் துளை பற்றுவாய் எனப்பட்டது.

முழுக்கருவியின் பெயர் அயன்மொழிக்குரியதாகவும் உறுப்பின் பெயர்கள் தமிழாகவும் இருத்தற்குக் காரணம் யாது? ஒரு பொருளை விலைக்கு வாங்குவோனுக்கு அதன் பெயர் ஒன்றே போதும். அதனைக் கழற்றிப் பூட்டுவோனுக்கே உறுப்புகளின் பெயர்கள் வேண்டும். எனவே உறுப்புப் பெயர்கள் தமிழாய் அமைந்தமை, இக்கருவியைத் தமிழ்க் கொல்லர் கழற்றியும் பூட்டியும் செப்பஞ் செய்தமைக்கு மொழிவழிச் சான்றென்க. வில்லின் காலத்தே தொடங்கிய கொற்றுறை மரபு துப்பாக்கிக் காலத்தும் அறவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இக்கருவி மலையில் எதிர்கொண்ட முதற்பகை ஈரம். மேகம் தவழும் உயரத்தில் கரியும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்த மருந்து ஈரத்தை ஈர்த்துத் தீப்பற்றாது போகும். எரிந்தபின் குழலிற் படியும் கசடும் ஈரத்தைப் பற்றி இரும்பைத் துருவாக்கும். மேலைநாட்டிலும் இவ்விடர்ப்பாடே மாற்றங்களுக்கு வித்தாயிற்று. திரியை ஒழித்துத் தீக்கல் வந்தது. பின்னர் ஸ்காட்லாந்துச் சமயகுரு அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்பார், தீக்கற் பொறியின் ஒளியைக் கண்டு பறவைகள் தப்புதலைக் கருதி, அடித்தால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததே நம் நாட்டார் கேப்பு என வழங்கும் சிறு செப்புமூடி. வேட்டுவன் ஒருவனது பிழையே இத்திருத்தத்தைத் தோற்றுவித்தது என்பது நோக்கற்பாலது.

5. சட்டமும் உலைக்களமும்

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையாற் சேலம் நாடு கும்பினியார் ஆட்சிக்கு உட்பட்டது. தென்பாளையங்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் 1801 திசம்பர் 1ஆம் நாள் சென்னை அரசு வெளியிட்ட அறிக்கை அப்பகுதிகளிற் படைக்கலம் வைத்திருத்தலைத் தடைசெய்தது. லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் உரிமமின்றிப் படைக்கலம் செய்தலையும் விற்றலையும் ஏந்துதலையும் நாடெங்கும் குற்றமாக்கியது. விடுதலைக்குப்பின் இயற்றப்பெற்று 1962-இல் நடைமுறைக்கு வந்த 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இன்றும் வழக்கிலுள்ளது. அதன் 5ஆம் பிரிவு செய்தல், விற்றல், மாற்றியமைத்தல் ஆகியவற்றோடு பழுதுபார்த்தலையும் உரிமத்துக்குரிய தொழிலாக வகுக்கின்றது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடுத்தது.

இச்சட்டங்கள் வேண்டாதன என்பது நம் கருத்தன்று. மக்கள் உயிரையும் காட்டு உயிர்களையும் காத்தற்கு அவை வேண்டியனவே. ஆயின் அவற்றால் விளைந்த ஒரு மாற்றத்தை வரலாற்றாசிரியர் கருதாமல் விடலாகாது. துப்பாக்கி மறைக்கப்பட்டது, அதனினும் மேலாக, அதனைச் செப்பஞ் செய்யும் உலை மறைக்கப்பட்டது. வெளிப்படையாக ஒரு கொல்லனிடம் காட்டிக் குழலின் தேய்வை அறியும் வாய்ப்பு இல்லாதொழிந்தது. கொல்லிமலை உள்ளிட்ட மலைப்பகுதிகளில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு காவல்துறையினர் அறிவித்தலும், கைப்பற்றுதலும் அண்மைக் காலத்தும் நிகழ்வன. நாட்டுத் துப்பாக்கி எனப்படுவது பெரும்பாலும் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழற்கருவி. அது தேர்ச்சிக் குறைவின் அடையாளமாகவே எழுதப்படுகின்றது. நாம் கருதுமாறு, அது கொற்றுறையினின்றும் பிரிக்கப்பட்ட படைக்கலம். சோதனையின்றி, மேற்பார்வையின்றி, துருவேறிய குழலோடு வழங்கும் அக்கருவி இலக்கைப் பிழைப்பதோடு ஏந்தியவனையும் ஊறுபடுத்த வல்லது.

இதனை ஒப்பிட்டு அறிதற்குக் குடகு நாடு துணைசெய்யும். அதுவும் மலைநாடு, அங்கும் படைக்கலம் ஏந்தும் மரபு உண்டு. ஆயின் குடவர்க்கும் சம்மா நிலவுரிமை உடையோர்க்கும் ஆங்கில ஆட்சியிலேயே உரிமத்தினின்றும் விலக்களிக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் இவ்விலக்கு தொடர்ந்து, 2019-இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. 2021-இல் கருநாடக உயர்நீதிமன்றமும் அதனை ஏற்றது. அவர்கள் ஆண்டுதோறும் கைல்போத் என்னும் விழாவிற் படைக்கலங்களைத் துடைத்து, மலர்சூட்டி, வழிபடுகின்றனர். வெளிச்சத்தில் இருக்கும் படைக்கலம் ஆண்டுக்கொருமுறையேனும் துடைக்கப்படும், பார்க்கப்படும். மறைவில் இருப்பதற்கு அவ்வாய்ப்பில்லை. இருமலைகளுக்கும் உள்ள வேற்றுமை மக்கள் அறிவின் வேற்றுமையன்று, ஆட்சி வகுத்த நெறியின் வேற்றுமையே.

6. அரைத் தானியங்கித் துப்பாக்கி

இனி, கொற்றுறை முற்றும் அரசின் கைக்கு மாறிய இக்காலத்துப் படைக்கலத்தை நோக்குவாம். ஒருமுறை விசையை அழுத்த ஒரு குண்டு செல்ல, அடுத்த தோட்டா தானே குழலிற் சென்று அமையும் கருவி அரைத் தானியங்கித் துப்பாக்கி. அமெரிக்கப் படை காரண்டு என்பார் வகுத்த இவ்வகைத் துப்பாக்கியை 1936-இல் ஏற்றது. இந்தியப் படையினர் 1962ஆம் ஆண்டு இமயப் போரில் ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் தாழை இயக்கும் .303 துப்பாக்கியையே பெரிதும் ஏந்தினர். அதன்பின் 1960-களில் பெல்சிய நாட்டு அமைப்பைத் தழுவி இச்சாப்பூரில் ஆக்கப்பட்ட 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். அவர்களுக்கு வழங்கப்பட்டது.

இத்துப்பாக்கியில் மருந்தெரிந்து எழும் வளியின் ஒரு பகுதி குழலினின்றும் பிரிந்து ஓர் உந்துதண்டைப் பின்தள்ளும். அத்தள்ளுதலால் வெற்றுக்கூடு வெளியேறும். சுருள்வில் மீண்டு அடுத்த தோட்டாவை அமைக்கும். வளி குறையின் கூடு சிக்கும். மிகின் உறுப்புகள் தாக்குண்டு தேயும். ஆகலின் எவ்வளவு வளி செல்லவேண்டும் என்பதைத் திருகி அமைத்தற்கு ஓர் ஒழுங்கி அதன்கண் உண்டு. புழுதியும் கசடும் மிகுந்தவழி வளியை மிகுவித்தலும், தூய நிலையிற் குறைத்தலும் ஏந்துவானது கடமை. நாணின் இறுக்கத்தை நிலத்துக்கும் பருவத்துக்கும் ஏற்பத் திருத்திய வில்லவனது பணியே ஈண்டு ஓர் உலோகத் திருகாக உருக்கொண்டது எனலாம்.

இவ்வாறு அமைந்த கருவிக்கும் நிலம் சோதனையாகும். எஸ்.எல்.ஆருக்குப் பின்வந்த இன்சாஸ் துப்பாக்கி 1999ஆம் ஆண்டுக் கார்கில் போரின் கடுங்குளிரில் தோட்டாப் பெட்டி விரிதல் முதலிய குறைகளைக் காட்டிற்று எனச் செய்திகள் வெளிவந்தன. அக்குறைகள் களத்தினின்றும் தொழிற்சாலைக்குச் சென்றன. திருத்தங்கள் தொழிற்சாலையினின்றும் களத்துக்கு வந்தன. கொல்லிக்குத் தெற்கே திருச்சிராப்பள்ளியில் 1966-இல் நிறுவப்பட்ட படைக்கலத் தொழிற்சாலை இன்சாஸையும் ஆக்கியது. பின்னர்த் திருச்சித் தாக்குதல் துப்பாக்கி எனத் தன் ஊர்ப்பெயரால் வழங்கும் ஒன்றையும் ஆக்கியது. 2021-இல் நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுமங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுமத்தின்கீழ் வந்தது. ஔவையார் கண்ட சிறுகொட்டிலின் இடத்தை இன்று பெருந்தொழிற்சாலை பெற்றுள்ளது. களமும் உலையும் ஒன்றையொன்று அறிந்திருத்தல் வேண்டும் என்னும் நெறி மட்டும் மாறவில்லை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் போதரும். ஓரியைப் பற்றிய பாட்டு, வில்லாண்மையின் மிகைப்புகழ்ச்சி என்னும் அளவில் அமையாது, செப்பமுற்ற வில்லின் சான்றாகவும் கொள்ளத்தக்கது என்பது ஒன்று. துப்பாக்கியின் உறுப்புப் பெயர்கள் தமிழ்க் கொல்லரின் கைத்தேர்ச்சிக்குச் சான்று பகர்கின்றன என்பது மற்றொன்று. மலைமக்களின் நாட்டுத் துப்பாக்கி தரங்குன்றியமைக்கு அவர்தம் அறியாமையினும், கொற்றுறை மறைவுற்றமையே பெருங்காரணம் என்பது மூன்றாவது.

இவற்றினின்றும் ஆய்வாளர்க்குரிய கடமை ஒன்று பிறக்கின்றது. ஒப்படைக்கப்படும் பழந்துப்பாக்கிகள் அழிக்கப்படுமுன், அவற்றின் குழலிலும் குதிரையிலும் காணப்படும் பற்றவைப்புகளையும் மாற்றங்களையும் தொல்லியலார் பதிவுசெய்தல் வேண்டும். ஒருசிலவற்றை இயங்காவண்ணம் செய்து அருங்காட்சியகத்திற் சேர்த்தலும் ஆகும். மலையாளி மக்களின் பேச்சில் எஞ்சியுள்ள வேட்டைச் சொற்களையும் கொல்லுத்தொழிற் சொற்களையும் மொழியியலார் தொகுத்தல் வேண்டும். அச்சொற்களை வழங்குவோர் முதியோராயினர். காலந்தாழ்ப்பின் அவை அவர்களோடு மறையும்.

ஆடித் திங்கள் 17, 18ஆம் நாள்களில் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கின்றது. வில்லேந்தியவனுக்கு எடுக்கும் அவ்விழா தக்கதே. அவ்வில்லை வரிந்தவன் பெயரை எந்தப் பாட்டும் நமக்குத் தரவில்லை. அவன் தொழிலின் வரலாற்றையேனும் எழுதிவைத்தல் நம்மனோர் கடனாகும்.